பரிசுக்குப் பணம் கொடுப்பது யார்?

பொள்ளாச்சியிலிருந்து கொல்லங்கோட்டுக்குப் போகும் சாலையில், தமிழ்நாடு முடிந்து கேரளம் தொடங்கும் இடம் கோவிந்தாபுரம். முதலமடை ஊராட்சியின் மாந்தோப்புகளை ஒட்டிய இந்த எல்லையில் பேச்சு மாறுவதில்லை. இருபுறமும் தமிழ் கேட்கும். மாறுவது சட்டம். தமிழ்நாட்டில் 2003 ஜனவரி முதல் லாட்டரிச் சீட்டு விற்பது குற்றம். எல்லையைத் தாண்டினால் அரசே அச்சடித்த சீட்டு கடைகளில் தொங்குகிறது. இந்த வேறுபாடு எல்லாருக்கும் தெரியும். அதிகம் பேசப்படாத இன்னொரு வேறுபாடும் உண்டு. தமிழ்நாட்டில் 1979ஆம் ஆண்டின் பரிசுத் திட்டங்கள் தடைச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. கடையில் பொருள் வாங்கியவர்களுக்குள் குலுக்கல் முறையில் சிலரைத் தேர்ந்தெடுத்துப் பரிசு தரும் வியாபாரத் திட்டங்களை அது தடுக்கிறது. பெரிய கம்பெனிகளின் பரிசு விளம்பரங்களில் 'தமிழ்நாட்டில் வசிப்போருக்குப் பொருந்தாது' என்று பொடி எழுத்தில் ஒரு வரி வருவது இதனால்தான். ஒரே சோப்பு, ஒரே விலை; கோவிந்தாபுரத்தில் வாங்கியவருக்குப் பரிசு வாய்ப்பு உண்டு, பொள்ளாச்சியில் வாங்கியவருக்கு இல்லை.

ஆக, ஒரு மாநிலம் இரண்டையும் தடுக்கிறது; இன்னொன்று இரண்டையும் நடத்தவும் நடத்த விடவும் செய்கிறது. இரண்டுமே லாட்டரியையும் வியாபாரக் குலுக்கலையும் ஒரே பக்கத்தில் வைத்துப் பார்க்கின்றன. அறத்தின் கோடு இவ்விரண்டுக்கும் நடுவே ஓடுகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். சீட்டு எடுப்பதில் பாவம் இல்லை. அதிர்ஷ்டத்தால் ஒருவருக்குப் பொருள் சேர்வதிலும் பாவம் இல்லை. பரிசின் விலையைக் கொடுத்தவர் யார், அவர் எதை நம்பிக் கொடுத்தார் என்ற இரண்டு கேள்விகளில்தான் நியாயமும் அநியாயமும் பிரிகின்றன.

சீட்டெடுப்பு என்ற செயலை நம் மரபுகள் இழிவாகப் பார்த்ததில்லை. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. நிலம், சொந்த வீடு, வயது, கல்வி ஆகிய தகுதிகள் உள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்து ஊர்ச்சபையின் வாரிய உறுப்பினர்களைத் தேர்ந்த முறையை அவை விவரிக்கின்றன. பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவரின் பெயருக்குக் குடத்தில் இடமில்லை. சபரிமலையில் இன்றும் தலைமைப் பூசாரியான மேல்சாந்தியை இப்படித்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். தகுதி பெற்றவர்களின் பெயர்களைக் குடத்திலிட்டு, பந்தளம் அரச குடும்பத்துக் குழந்தை ஒன்று சீட்டு எடுக்கிறது. குருவாயூரிலும் மேல்சாந்தி நியமனம் குலுக்கலில்தான் முடிவாகிறது. யூதாஸின் இடத்துக்கு மத்தியாவைத் தேர்ந்தபோது சீடர்கள் சீட்டுப் போட்டதாக விவிலியத்தின் அப்போஸ்தலர் பணிகள் நூல் சொல்கிறது. முடிவெடுக்க முடியாமல் தவிக்கும் குடும்பம் சாமி முன் திருவுளச்சீட்டுப் போட்டுப் பார்ப்பது நம் ஊர்களில் இன்றும் நடப்பதுதான். இவை அனைத்துக்கும் பொதுவான அம்சம் ஒன்று உண்டு. குடத்தில் பெயர் விழுவதற்கு யாரும் பந்தயம் கட்டவில்லை. பெயர் வராதவர் வந்தபடியே திரும்பிப் போகிறார். அவர் மடியிலிருந்து எதுவும் குறைவதில்லை. மனிதச் சார்பை விலக்கவே இங்கே தற்செயலை நாடுகிறார்கள்.

அப்படியானால் சமயங்கள் சூதைக் கண்டிப்பது எதற்காக? ரிக் வேதத்தின் பத்தாம் மண்டலத்தில் சூதாடி ஒருவனின் புலம்பலாகவே ஒரு சூக்தம் அமைந்திருக்கிறது. மனைவி விலகி, மாமியார் வெறுத்து, கடன்பட்டு இரவில் அடுத்தவர் வீட்டை நாடுபவனின் குரல் அது. பௌத்தத்தின் சிகாலோவாத சுத்தம் சூதின் கேடுகளை ஆறாக எண்ணிச் சொல்கிறது. வென்றவன் பகையைச் சம்பாதிக்கிறான், தோற்றவன் போன பொருளை நினைத்து வருந்துகிறான் என்பவை அவற்றுள் முதலிரண்டு. திருக்குறளில் சூது அதிகாரம் கள்ளுண்ணாமைக்கும் மருந்துக்கும் இடையில் நிற்கிறது. இஸ்லாம் தடைசெய்த 'மைசிர்' இன்னும் கூர்மையான சான்று. உரையாசிரியர்கள் தரும் விளக்கப்படி, அரபு மக்கள் ஓர் ஒட்டகத்தை அறுத்துப் பங்கிட்டு, குறியிட்ட அம்புகளை எடுத்து யாருக்கு எந்தப் பங்கு என்று முடிவு செய்தார்கள். வெறும் அம்பு வந்தவர்கள் ஒட்டகத்தின் விலையைக் கொடுத்தார்கள். வென்றவர்கள் இறைச்சியைத் தாங்கள் உண்ணாமல் ஏழைகளுக்குக் கொடுத்துப் பெருமை தேடிக்கொண்டார்கள். அதில் மக்களுக்குச் சில நன்மைகளும் உண்டு, ஆனால் தீமையே பெரிது என்று குர்ஆன் தீர்ப்புச் சொல்கிறது. காலத்தாலும் மொழியாலும் வேறுபட்ட இந்த மரபுகள் ஒரே இடத்தைச் சுட்டுகின்றன. ஒருவருடைய இழப்பே இன்னொருவருடைய வரவாக ஆகும் ஏற்பாட்டைத்தான் அவை மறுக்கின்றன.

தண்டிப்பதா, மேற்பார்வையிடுவதா என்ற கேள்வியில் நம் பழைய நூல்களுக்குள்ளேயே உடன்பாடு இல்லை. சூதை நாட்டிலிருந்தே ஒழிக்க வேண்டும் என்று மனு அரசனுக்குச் சொல்கிறார். கௌடில்யரோ சூதுக்கென ஓர் அதிகாரியை நியமித்து, ஒரே இடத்தில் ஆடச் செய்து, வெற்றிப் பணத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கை அரசுக்கு எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். நாரத ஸ்மிருதியும் அரசனுக்குப் பங்கு தந்து ஆடுவதை ஒப்புகிறது. கோவிந்தாபுரத்தின் மேற்கே கௌடில்யரும் கிழக்கே மனுவும் ஆட்சி செய்கிறார்கள் என்று சொல்லலாம். இருவரின் அக்கறையும் அரசின் ஒழுங்கைப் பற்றியது. தோற்றவனுக்கு என்ன நியாயம் என்று இருவருமே கேட்கவில்லை.

தோற்றவன் பக்கமிருந்து கணக்கைப் பார்ப்போம். இந்தியாவில் ஒரு மாநில அரசு முதன்முதலில் லாட்டரி தொடங்கியது கேரளத்தில், 1967இல். ஈ.எம்.எஸ். அமைச்சரவையில் நிதியமைச்சராக இருந்த பி.கே. குஞ்ஞு அதைக் கொண்டுவந்தார். 1968 ஜனவரி 26 அன்று முதல் குலுக்கல் நடந்தது. சீட்டு ஒரு ரூபாய், முதல் பரிசு 50,000 ரூபாய். 2023 ஓணம் பம்பரில் சீட்டு 500 ரூபாய், முதல் பரிசு 25 கோடி. வாளையாறில் விற்ற ஒரு சீட்டுக்கு அது விழுந்தது. சேர்ந்து வாங்கிய நால்வரும் தமிழ்நாட்டுக்காரர்கள். அந்தச் செய்தி எல்லையின் இருபுறமும் பரவியது. பரவாத கணக்கு இது: அந்த பம்பரில் சுமார் 75 லட்சம் சீட்டுகள் விற்றன. மக்கள் கொடுத்தது 375 கோடி ரூபாய் அளவில். எல்லாப் பரிசுகளும் சேர்ந்து 125 கோடி அளவில். மூன்று ரூபாய் போட்டவர்களுக்கு மொத்தமாக ஒரு ரூபாய் திரும்பியது. மீதி வரியாகவும் விற்பனையாளர் கழிவாகவும் செலவாகவும் அரசின் வருவாயாகவும் போயிற்று. அந்த ஒரு ரூபாயிலும், பெரிய பரிசு என்றால், முகவர் கழிவும் 30 சதவீத வருமான வரியும் பிடிக்கப்படும். இதில் ஏமாற்று எதுவும் இல்லை, எல்லாம் வெளிப்படை. ஆனாலும் பரிசின் விலையை முழுக்கக் கொடுத்தவர்கள் பரிசு விழாதவர்கள். பரிசை எதிர்பார்த்தே அவர்கள் கொடுத்தார்கள். சீட்டுக்கு வேறு எந்தப் பயனும் கிடையாது. ஒட்டகத்தின் விலையைக் கொடுத்த வெறும் அம்புக்காரர்களின் நிலைதான் அவர்களுக்கும்.

இங்கே வலுவான மறுப்பு ஒன்று வரும். அந்த வருவாய் நல்ல காரியத்துக்குப் போகவில்லையா? கே.எம். மாணி நிதியமைச்சராக இருந்தபோது, 2011இல் தொடங்கிய காருண்யா லாட்டரியின் வருவாய் ஏழை நோயாளிகளின் சிகிச்சைக்கு உதவியது. சீட்டு விற்றே பிழைக்கும் முதியவர்களும் மாற்றுத்திறனாளிகளும் கேரளமெங்கும் இருக்கிறார்கள். இது பொய்யல்ல, அலட்சியமாகத் தள்ளக்கூடியதும் அல்ல. ஆனால் மைசிர் பற்றிய தீர்ப்பு இந்த வாதத்தை முன்கூட்டியே எடைபோட்டிருக்கிறது. அங்கேயும் இறைச்சி ஏழைகளுக்குத்தான் போயிற்று. கொடுத்தவர் மனமுவந்து கொடுத்தால் அது தானம். கடமையாகக் கொடுத்தால் அது வரி. தனக்கே கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பில் கொடுத்ததை வாங்கி அடுத்தவருக்குத் தானம் செய்வது இரண்டிலும் சேராது. ஏழையின் சிகிச்சைக்கு இன்னொரு ஏழையின் ஆசையிலிருந்து பணம் எடுப்பதை விட, வசதியுள்ளவர்களின் வருமானத்திலிருந்து எடுப்பது நேர்மையான வழி. சீட்டு விற்பவரின் பிழைப்பு முக்கியம் என்றால் அவருக்கு வேறு பொருளை விற்கும் வழி செய்வது அரசின் கடமை.

அதே கேரள அரசு இன்னொரு குலுக்கலையும் தொடங்கியது. 2022 ஆகஸ்டில் அறிமுகமான 'லக்கி பில்' செயலியில், கடையில் வாங்கிய பொருளின் ஜிஎஸ்டி பில்லைப் படமெடுத்து ஏற்றினால் போதும் என்பது ஏற்பாடு. மாதக் குலுக்கலில் 10 லட்சம், பம்பரில் 25 லட்சம் என்று பரிசு அறிவிக்கப்பட்டது. மக்கள் பில் கேட்டு வாங்கப் பழக வேண்டும், கடைக்காரர் வரியை மறைக்கக் கூடாது என்பது நோக்கம். மத்திய அரசும் 2023 செப்டம்பரில் இதே போன்ற திட்டம் ஒன்றைத் தொடங்கியது. இதில் தோற்றவர் யார்? அரிசி வாங்கியவர் அரிசியை வீட்டுக்குக் கொண்டுபோகிறார். விலையும் அதே விலை. பரிசு விழாவிட்டால் அவருக்கு எந்த நட்டமும் இல்லை. இது லாட்டரியின் தம்பி அல்ல, உத்திரமேரூர்க் குடத்தின் உறவு. 2007 டிசம்பரில் தொடங்கிய கிராண்ட் கேரளா ஷாப்பிங் திருவிழாவில் கூப்பனும் தங்கப் பரிசும் கொடுத்ததும் ஏறத்தாழ இந்த வகையே. ஆகவே வியாபாரி தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி எளியது: பரிசு இல்லாவிட்டாலும் இந்தப் பொருளை இதே விலைக்கு, இதே அளவில் இவர் வாங்கியிருப்பாரா? ஆம் என்றால் பரிசு வியாபாரியின் லாபத்திலிருந்து போகும் அன்பளிப்பு. இல்லை என்றால் அது பொருளின் உறையில் சுற்றிய சீட்டு.

சட்டமும் இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் நடந்திருக்கிறது. பிரிட்டனின் 2005ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டம், வழக்கமான விலைக்குப் பொருள் வாங்குவதைப் பந்தயப் பணமாக எண்ணுவதில்லை. பரிசுக்காக விலை கூடியிருந்தால்தான் அது லாட்டரி. அமெரிக்காவில் பரிசு, தற்செயல், கட்டணம் மூன்றும் சேர்ந்தால் லாட்டரி. அதனால் எதையும் வாங்காமலே பங்கேற்க ஒரு வழியை கம்பெனிகள் திறந்து வைக்கின்றன. நம் நாட்டில் ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள் பரிசுச் சீட்டு வைத்த வழக்கில், அது வழக்கமான பொருளில் லாட்டரி ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 1998இல் கூறியது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இன்னும் கண்டிப்பானது: விலையில் அடங்கியதை இலவசம் போலக் காட்டுவதும், பரிசுத் திட்டத்தின் முடிவைப் பங்கேற்றவர்களுக்குத் தெரிவிக்காமல் மறைப்பதும் நேர்மையற்ற வணிக முறைகள் என்கிறது.

இந்த இடத்தில் வியாபாரம் தெரிந்தவர்கள் எதிர்ப்பார்கள். உலகில் எதுவும் இலவசம் இல்லை. பரிசாகத் தந்த காரின் விலை கடைசியில் எல்லாப் பொருள்களின் விலையிலும்தானே ஏறுகிறது, அப்படியானால் பரிசு விழாத வாடிக்கையாளரும் தோற்றவர்தானே என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் விளம்பரப் பலகை, கடையின் ஏசி, கணக்கரின் சம்பளம் எல்லாமே விலையில்தான் ஏறுகின்றன. வாங்குபவர் அந்த விலைக்கு அந்தப் பொருள் தகுமா என்று பார்த்து வாங்குகிறார். தகும் என்றால் பரிசு போனாலும் பேரம் சமமாகவே நிற்கிறது. சமநிலை எப்போது கெடுகிறது என்றால், பரிசை முன்னிட்டு விலையைக் கூட்டும்போதும், 4,200 ரூபாய்க்கு வாங்கியவரிடம் 5,000 ஆக்கினால் கூப்பன் உண்டு என்று சொல்லி வேண்டாத துணியைத் தள்ளும்போதும்தான். பங்கேற்பதற்கே தனிக் கட்டணம் வாங்குவது இதன் மோசமான வடிவம். 2007இல் ஒரு புகழ்பெற்ற தொலைக்காட்சி வினா விடை நிகழ்ச்சியில் குறுஞ்செய்திக்கு 2.40 ரூபாய் என்று நடத்திய நேயர் போட்டியை, பரிசுப் பணம் நேயர்களிடமிருந்தே திரட்டப்பட்டது என்று சொல்லி தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் கண்டித்தது. போதிய ஆதாரம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2019இல் அந்த முடிவை நீக்கியது. ஆதாரம் பற்றிய தீர்ப்பு எப்படியிருந்தாலும், ஆணையம் எழுப்பிய கேள்வி சரியான கேள்வி.

அன்பளிப்பு வகைப் பரிசும் தானாகவே அறமாகிவிடாது. அதை நடத்துபவருக்குக் கடமைகள் உண்டு. 1992 மே மாதம் பிலிப்பைன்ஸில் பெப்சி நிறுவனம் பாட்டில் மூடியில் எண் அச்சிட்டு, 10 லட்சம் பெசோ வரை பரிசு அறிவித்தது. வெற்றி எண்ணாக 349 வந்தது. அந்த எண் லட்சக்கணக்கான மூடிகளில் அச்சாகியிருந்தது. சொன்ன பரிசைக் கொடுக்க முடியாது என்று நிறுவனம் கைவிரித்ததும் கலவரம் மூண்டு உயிர்கள் போயின. பாட்டில் வாங்கியவர்கள் பானத்தைக் குடித்துவிட்டார்கள், அவர்களுக்குப் பணநட்டம் இல்லை என்று கணக்குப் பேசலாம். ஆனால் வாக்கும் ஒரு பொருள்தான். அதைக் கொடுத்துவிட்டுத் திரும்பப் பிடுங்குவது களவுக்குச் சமம். எத்தனை பரிசு, எத்தனை கூப்பன், கடைசி நாள் எது, யார் முன்னிலையில் குலுக்கல் என்பதை முன்பே எழுதி ஒட்டுவதும், கடை ஊழியரையும் உறவினரையும் விலக்குவதும், முடிவை அறிவித்த இடத்திலேயே வெளியிடுவதும் இந்த வாக்கின் பகுதிகள். இன்னொன்றைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பரிசு விலையுயர்ந்த பொருளாக இருந்தால் அதன் மதிப்பில் 30 சதவீத வரி கட்டப்பட்டதா என்று பார்த்த பிறகே அதை ஒப்படைக்க வேண்டும். ஆறு லட்ச ரூபாய் கார் விழுந்த கூலித் தொழிலாளி 1,80,000 ரூபாய்க்கு எங்கே போவார்? அந்த வரியையும் சேர்த்துக் கொடுக்காத பரிசு, புகைப்படத்துக்கு மட்டும் உதவும்.

கடைசியாக, நம் மண்ணில் மிக ஆழமாக வேரோடிய எதிர்வாதம் ஊழைப் பற்றியது. எழுதியிருந்தால் கிடைக்கும், அதிர்ஷ்டம் கடவுள் கொடுப்பது, கைநீட்டாமல் இருப்பது அவர் கொடையை மறுப்பதல்லவா? ஊழுக்கென்று ஓர் அதிகாரம் ஒதுக்கி அறத்துப்பாலையே அதில் முடித்தவர் வள்ளுவர். ஊழை அவ்வளவு பெரிதாக ஏற்றவர் சூதை ஏற்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஊழை நம்புவது வந்ததை ஏற்கும் பணிவு. சீட்டு வாங்குவதோ வாராததை விலைகொடுத்து வரவழைக்கும் முயற்சி. ஐம்பது ரூபாய்க்கு நம்பிக்கையை வாங்கும் உரிமை ஏழைக்கு இல்லையா என்று சுதந்திரத்தின் பெயரால் கேட்பவர்களும் உண்டு. உரிமை உண்டு, வாங்குபவரைக் குற்றவாளியாக்குவதை நானும் ஏற்கவில்லை. கேள்வி விற்பவரைப் பற்றியது. போட்டதில் ஒரு பகுதிதான் திரும்பும் என்று தெரிந்தே நம்பிக்கையை விற்பவர், அதுவும் அரசாக இருந்து விற்பவர், வாங்குபவரின் சம்மதத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாது.

தமிழ்நாட்டின் தடை இதற்கு முழு விடை ஆகிவிடவில்லை. 1968இல் அண்ணா ஆட்சியில் பரிசுச் சீட்டைத் தொடங்கிய மாநிலம்தான் பின்னர் அதை நிறுத்தியது. தடைக்குப் பிறகும் மீனாட்சிபுரம், கோபாலபுரம், வாளையாறு, தேனிப் பக்கம் குமுளி என்று எல்லை ஊர்களுக்கு ஆட்கள் போய் வாங்குகிறார்கள். கேரளக் குலுக்கலின் கடைசி எண்களை வைத்துத் திருட்டுத்தனமாக நடக்கும் மூன்று நம்பர் லாட்டரி அதைவிடக் கொடியது. 2019 டிசம்பரில் விழுப்புரத்தில் அதில் பணத்தை இழந்து ஒரு குடும்பமே மாண்டது. ஆனால் தடையை மீறுகிறார்கள் என்பது தடுத்த பொருள் நல்லது என்பதற்குச் சான்றாகாது. லாட்டரித் தடையைத் தமிழ்நாடு காப்பாற்ற வேண்டும். கள்ளச் சீட்டு விற்பவரை உறுதியோடு பிடிக்க வேண்டும். அதே சமயம் 1979ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தி, விலை கூட்டாமல், கட்டணம் வாங்காமல், விதிகளை எழுதி வைத்து வியாபாரி தரும் பரிசை அனுமதிக்க வேண்டும். கேரளம் தன்னிடமே உள்ள இரண்டு குலுக்கல்களையும் ஒப்பிட்டுப் பார்த்து, லக்கி பில்லின் வழியை வைத்துக்கொண்டு பம்பரின் வழியைப் படிப்படியாகக் கைவிட வேண்டும். கடை வைத்திருப்பவர்கள் சட்டம் மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த பண்டிகைக்குக் கூப்பன் அச்சடிக்கும் முன், இந்தப் பரிசுக்குப் பணம் கொடுப்பது யார் என்று கேளுங்கள். நீங்கள் என்றால் நடத்துங்கள். பரிசு விழாதவர்கள் என்றால் விட்டுவிடுங்கள்.